வெண்ணெயா, வெள்ளையா

எங்கள் சர்ச்சின் மீன் விருந்தில் கட்சி இரண்டுதான். உருக்கிய வெண்ணெய், வெள்ளை சாஸ். நார்வேயிலிருந்து வந்த குடும்பங்கள் மீன்மேல் வெண்ணெய் ஊற்றிக்கொள்வார்கள். ஸ்வீடன்காரர்களுக்குப் பாலும் மாவும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸ். கப்பலேறி அமெரிக்கா வந்தவர்களின் கொள்ளுப்பேரன்களுக்கு அந்த இரண்டு மொழிகளிலும் ஒரு வார்த்தை தெரியாது. இது மட்டும் மாறவில்லை. வரிசையில் வரும் ஒவ்வொருவரிடமும் "வெண்ணெயா, வெள்ளையா?" என்று கேட்டாக வேண்டும். மற்ற கட்சிகளைப் பற்றி அந்தக் கீழ்த்தளக் கூடத்தில் பேசக்கூடாது. விருந்துச் சமையலைக் கவனிக்கும் பெர்னீஸ் அதைச் சமையலறைக் கதவில் எழுதியே ஒட்டியிருக்கிறாள்: சாப்பிடும் இடத்தில் அரசியல் கிடையாது.

வெண்ணெய்க் குவளை எப்போதும் ஹால்வர் மாமாவிடம். சாஸ் கரண்டி அப்பாவிடம். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அப்படித்தான். அப்பா ஆர்விட் லின்டெல், எங்கள் மாநிலத்தின் செனட்டர். ஹால்வர் க்வாம் நீதிபதி. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைக் கையில் வாங்கிய ஞானத்தந்தை. அப்பாவின் கட்சி வேறு, அவர் கட்சி வேறு. இருவரும் ஒரே படகில்தான் மீன் பிடிப்பார்கள்.

கடைசி ஆளும் வாங்கிப் போன பிறகு, இருவரும் ஒருவர் தட்டில் ஒருவர் ஊற்றுவார்கள். அப்பாவின் மீன்மேல் மாமா வெண்ணெய் ஊற்றுவார். மாமாவின் மீன்மேல் அப்பா சாஸ் ஊற்றுவார். வருஷத்தில் அந்த ஒருவேளை மட்டும் ஒருவர் கட்சியை மற்றவர் சாப்பிடுவார். மூஞ்சியைச் சுளிப்பார்கள், கூடம் சிரிக்கும். அதற்குக் கடைசித் தட்டு என்று பெயர். அதைப் பார்க்கத்தான் பலர் எழுந்து போகாமல் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருஷம் விருந்து அக்டோபரில் வந்தது. நவம்பரில் ஜனாதிபதி தேர்தல். அப்பாவுக்கும் தேர்தல். செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இறந்துபோனார். காலியான நாற்காலியைத் தேர்தலுக்கு முன்பே நிரப்பிவிட அப்பாவின் கட்சி அவசரப்பட்டது. ஜனாதிபதி முன்மொழியும் பெயரை செனட் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். அங்கே ஓட்டுகள் இழுபறி. அப்பா என்ன செய்யப்போகிறார் என்று மாநிலமே கேட்டுக்கொண்டிருந்தது. ஏனென்றால், போன ஜனாதிபதி தேர்தல் வருஷத்திலும் இப்படி ஒரு நாற்காலி காலியானது. அப்போதைய ஜனாதிபதி அதற்கு முன்மொழிந்த பெயர் ஹால்வர் க்வாம்.

அப்போது ஜனாதிபதி மாமாவின் கட்சி, செனட் அப்பாவின் கட்சி. தேர்தல் வருஷத்தில் மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அப்பாவின் கட்சி அவர் பெயரைப் பரிசீலிக்கவே மறுத்துவிட்டது. மாமா வாஷிங்டன் போய் ஒவ்வொரு செனட்டரின் அறையாக ஏறி இறங்கினார். அப்பாவின் அறைக்கும் போனார். வரவேற்பில் இருந்த பெண், செனட்டர் ஒரு கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். மாமா அங்கே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். உள் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கு அப்போதே தெரியும்.

அந்த வருஷ விருந்தில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெர்னீஸின் விதியை மீறி எல்லோர் முன்னாலும் பேசினார்.

"ஹால்வர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. இது முறை பத்தின விஷயம். நாளைக்கு எங்க ஆளே ஜனாதிபதியா இருந்தாலும், தேர்தல் வருஷம்னா இதையேதான் சொல்லுவேன். மக்கள் முடிவு பண்ணட்டும்."

மாமா குவளையை வைத்துவிட்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றும் கடைசித் தட்டு நடந்தது.

நான் வேதியியல் படித்தவள். பால் கூட்டுறவு ஆய்வகத்தில் வேலை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அப்பாவின் கூட்டங்களுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா என்னை வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னது விநோதமாக இருந்தது. பிரசார நிர்வாகி ப்ரெண்ட்டும் இருந்தான். நல்ல பையன். எங்கள் ஊர் இல்லை.

"திங்கக்கிழமை அறிவிக்கப்போறேன், ஓட்டு போடுறதா" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"நீதிபதி விஷயத்துக்கும்மா. நிரப்பறதுக்கு."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஜனாதிபதி ஒரு கட்சி, செனட் ஒரு கட்சி. இப்ப ரெண்டும் ஒண்ணு. அது வேற, இது வேற."

ப்ரெண்ட் தலையாட்டினான். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவன் அவன்தான் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

ஒரு சோதனையில் மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்று மட்டும் மாறினால், விளைவுக்குக் காரணம் எதுவென்று சொல்லிவிடலாம். இங்கே மாறியது ஜனாதிபதியின் கட்சி மட்டும். அதை நான் சொல்லவில்லை.

"ஹால்வர் மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்" என்றார் அப்பா.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி" என்றான் ப்ரெண்ட். "சனிக்கிழமை ஜட்ஜ் கண்டிப்பா வரணும். எப்பவும் போல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ஒரே ஒரு படம். பாதிக்கப்பட்டவரே சிரிச்சுக்கிட்டு நிக்கிறார்னா அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

"அவர் வருஷா வருஷம் வர்றவர்தானே."

"இந்த வருஷம் வராம இருந்துட்டா?" என்றார் அப்பா. "நீ ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வா, சிக்னே. நான் கேட்டா அவன் வேற ஏதாவது கேப்பான்."

வியாழக்கிழமை வேலை முடிந்து போனேன். மாமா கொட்டகையில் இருந்தார். குளிர்காலத்துக்குப் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தோரா அத்தை கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லும்மா. காப்பிக்கடையில காலையில இவரைப் போட்டு வறுத்து எடுத்திருக்காங்க. உங்க சிநேகிதர் பல்டி அடிக்கப்போறாராமேன்னு. இவர் என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னேன்? ஆர்விட் சொன்னா சொன்னதுதான்னு சொன்னேன்."

"அதோட விட்டாரா? ரேடியோக்காரன் போன் பண்ணினான். அவன்கிட்டயும் சொல்லியாச்சு. நாளைக்கு ஊர் பூரா கேக்கும்."

மாமா சிரித்தார். "சிக்னே, உன் அத்தை என்னை இன்னும் வக்கீல்னே நினைக்கிறா. யாருக்காக வாதாடினாலும் காசு வாங்கினீங்களான்னு கேக்கிறா."

நான் வந்த வேலையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சனிக்கிழமை வருவீங்கதானே என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாளைக்கு ரேடியோவில் அவர் குரல் வரும். திங்கட்கிழமை அதையே திரும்பப் போட்டுச் சிரிப்பார்கள்.

"அப்பா திங்கக்கிழமை சம்மதம் சொல்லப்போறார்" என்றேன். "நிரப்பறதுக்கு."

மாமா துணியால் மோட்டாரின் இறக்கையை ஒரே இடத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதைச் சொல்லத்தான் உன்னை அனுப்பினானா?"

"இல்ல."

"பின்ன?"

"சனிக்கிழமை நீங்க வரணும்னு கேக்க. பக்கத்துல நிக்கணும்னு. படம் எடுப்பாங்களாம்."

"படமா!" என்றாள் அத்தை. "இவர் அந்தக் கதவு முன்னாடி உக்காந்து தண்ணி குடிச்சப்ப ஒருத்தன் வந்து படம் எடுக்கலையே. வெட்கங்கெட்ட மனுஷன். நீங்க போகக்கூடாது, சொல்லிட்டேன்."

எனக்குக் காது சுட்டது. வெட்கங்கெட்ட மனுஷனின் மூக்கும் தாடையும்தான் எனக்கும்.

"தோரா, பொண்ணு நிக்கிறா" என்றார் மாமா. பிறகு என்னிடம், "பதவி கிடைக்கலைங்கிறது பெரிசில்லம்மா. எவனுக்கோ கிடைக்கும், எவனுக்கோ கிடைக்காது. ஆனா ஏன் கிடைக்கலைன்னு மனுஷனுக்கு ஒரு காரணம் வேணும். உங்கப்பன் ஒரு காரணம் சொன்னான். அது நிஜம்னு நம்பி நான் தூங்கினேன். எங்க கட்சிக்காரங்க என்னை முட்டாள்னாங்க. நான் அவனுக்காகச் சண்டை போட்டேன்."

துணியை மடித்து வைத்தார்.

"நான் சனிக்கிழமை வரேன். நீ சொன்னதை அவன்கிட்ட சொல்லிடாதே. இன்னும் ரெண்டு நாள் இருக்கு, அவனே வந்து சொல்லுவான்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவான்" என்றார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

அப்பா வெள்ளிக்கிழமை மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை. போன் செய்யவும் இல்லை. வண்டியில் ரேடியோவைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும், "ஹால்வர் வரேன்னுட்டானா?" என்று மட்டும் கேட்டார். வரேன்னார் என்றேன்.

சனிக்கிழமை காலையிலேயே கீழ்த்தளம் முழுக்க மீன் வாடை. சோடாக்காரம் கரைத்த நீரில் ஊறிய காய்ந்த மீன் அது. நாள்கணக்காகத் தண்ணீர் மாற்றி மாற்றிக் காரத்தை எடுப்பார்கள். நான் வருஷாவருஷம் ஆய்வகத்திலிருந்து சோதனைத் தாள் கொண்டுபோய்த் தண்ணீரில் தொட்டுப் பார்ப்பேன். என் பங்கு அதுதான்.

"உன் காகிதம் என்ன சொல்லுது, சயின்டிஸ்ட்?" என்றாள் பெர்னீஸ்.

"யாரும் சாகமாட்டாங்க."

"போன வருஷமும் அதையேதான் சொன்னே. மெதடிஸ்ட் சர்ச்காரன் ஒருத்தன் படுத்துட்டான்."

"அவன் மூணு தட்டு சாப்பிட்டான்."

மாமா தோரா அத்தையோடு வந்தார். அத்தை அப்பாவைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். மாமா ஏப்ரன் கட்டிக்கொண்டு குவளையை எடுத்தார். அப்பா கரண்டியோடு நின்றார். நான் நடுவில் கொஞ்சம் பின்னால் நின்று, குவளை காலியாகும்போது வெண்ணெயும் பாத்திரம் காலியாகும்போது சாஸும் கொண்டுவந்து கொடுத்தேன். அதனால் அவர்கள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

"வெண்ணெயா, வெள்ளையா?"

"ஜட்ஜய்யா, உங்க வெண்ணெயை நம்பித்தான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"செனட்டரே, சாஸ் கட்டி கட்டியா இருக்கே. வாஷிங்டன்ல கிண்டினதா?"

"அங்க கிண்டினா இன்னும் கட்டியா இருக்கும், லாய்ட்" என்றார் அப்பா. வரிசை சிரித்தது. அப்பாவுக்கு இது நன்றாக வரும்.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது மாமா, குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் கேட்டார்.

"ஆர்விட், என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அப்பாவின் கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டியது. நான் மனசுக்குள் சொன்னேன்: சொல்லுங்கப்பா. நாலு வார்த்தை போதும். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏன்?"

"ஒரு மாதிரி நிக்கிறியே, அதான் கேட்டேன்."

"முதுகு வலி" என்றார் அப்பா. "பிரசார பஸ்ஸுல சுத்திச் சுத்தி முதுகு போச்சு."

"ஓ" என்றார் மாமா. அடுத்த தட்டு வந்தது. "வெண்ணெயா, வெள்ளையா?" என்று கேட்டார்.

நான் சாஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். பாத்திரம் பாதிகூடக் காலியாகவில்லை. பெர்னீஸ் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தந்தாள்.

திரும்பி வந்தபோது ப்ரெண்ட் கேமராவோடு வந்திருந்தான். வரிசை முடிந்துவிட்டது. காபிக் கோப்பைகளோடு ஆட்கள் கடைசித் தட்டுக்காகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜட்ஜ், இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. தோள் தொடுற மாதிரி. ஆங், அப்படித்தான். குவளையைத் தூக்கிப் பிடிங்க."

மாமா கிட்டே போனார். குவளையைத் தூக்கினார். பிறகு மெதுவாக இறக்கினார்.

"படம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஆர்விட்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் பழகிய குரல், கடைசி மேஜைவரை கேட்டது. "நாலு வருஷம் முன்னாடி இதே எடத்துல நின்னு ஒண்ணு சொன்னே இல்ல? அதை இன்னொரு தடவை சொல்லிடேன். அப்புறம் எத்தனை படம் வேணா எடுக்கட்டும்."

யாரோ "சொல்லுங்க செனட்டர்!" என்று உற்சாகமாகக் கத்தினார்கள். ரேடியோ கேட்டுவிட்டு வந்தவர்களாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே கைதட்டினார்கள். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பரீட்சை ஹாலில் மக்குப் பிள்ளைக்கு இன்னும் நேரம் கொடுக்கும் வாத்தியாரைப்போல் அவர் நின்றார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்புறம் அவர் கண் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனது.

"ஹால்வர்" என்றார், சிரித்துக்கொண்டே. "சாப்பிடுற எடத்துல அரசியல் கிடையாது. பெர்னீஸ் நம்ம ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவா."

கூடம் சிரித்தது. தாமதமாகச் சிரித்தது. பிறகு கைதட்டியது. நன்றாகவே கைதட்டியது. ஏதோ ஒன்றைக் கடந்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் எழுந்து நின்று தட்டியவர்கள்தான் இப்போது உட்கார்ந்தபடி தட்டினார்கள். பெர்னீஸ் மட்டும் கதவருகே நின்று, தன் கையெழுத்தை முதல்முறை பார்ப்பவள்போல் அந்தத் தாளைப் பார்த்தாள்.

மாமா தலையை ஒருமுறை ஆட்டினார். "சரி. விதின்னா விதிதான்."

ப்ரெண்ட் கேமராவை உயர்த்தினான்.

"வேணாம், உள்ள வை" என்றார் அப்பா.

"சார், ஒண்ணே ஒண்ணு..."

"வேணாம்னேன்ல."

கடைசித் தட்டு மிச்சமிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா தட்டை நீட்டினார். மாமா வழக்கம்போல் குனிந்து, மீன் முழுவதும் மூழ்கும்படி தாராளமாக வெண்ணெய் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அப்பா கரண்டியில் சாஸை அள்ளிக்கொண்டு திரும்பினார்.

மாமாவின் தட்டு அங்கே இல்லை. அதை ஒரு கையில் தன் பக்கமாக வைத்துக்கொண்டு, மறு கையால் குவளையில் இருந்த மிச்ச வெண்ணெயைத் தானே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதுவே போதும், ஆர்விட்" என்றார்.

மூஞ்சியைச் சுளிப்பதற்கு எதுவும் இல்லை. சிரிப்பதற்கும் இல்லை. அப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சாஸ் மேஜை விரிப்பில் சொட்டியது. யாரோ நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள், தேவைக்கு மேல் சத்தமாக. சமையலறையில் யாரோ குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் இரக்கம் அப்படித்தான் இருக்கும். நான் போய் அப்பாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிப் பாத்திரத்தில் வைத்தேன். வாங்கியது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

மாமா தோரா அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்தார். அந்த மீன் ஆறினால் கூழ்போல் ஆகிவிடும், வெண்ணெய் மேலே உறைந்துவிடும். வெண்ணெயை அவர் ஒருநாளும் முழுசாகச் சாப்பிட்டதில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை என்னிடம் தள்ளுவார். அன்று கடைசிவரை சாப்பிட்டார். லெஃப்சா ரொட்டியால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டார். யாரும் அந்த மேஜைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

ப்ரெண்ட் தன் காரில் போய்விட்டான். நான்தான் அப்பாவின் வண்டியை ஓட்டினேன். அறுவடை முடிந்த வயல்களில் வெயில் சாய்ந்து கிடந்தது. சாலையோரம் அப்பாவின் பெயர் போட்ட பலகைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நான் சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"எப்ப?"

"வியாழக்கிழமை. நீங்க அனுப்பினப்ப."

ஒரு பலகை போனது. இன்னொன்றும் போனது. அவர் எதையோ பின்னோக்கிக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப பரிமாறும்போது, ஏதாவது சொல்லணுமான்னு கேட்டானே..."

"ஆமா."

"தெரிஞ்சுதான் கேட்டானா?"

"ஆமாப்பா. உங்களுக்காகத்தான் கேட்டார்."

அப்பா முகத்தை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"முதுகு வலின்னு சொன்னேன்."

 ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சுக்கு வரவில்லை. ஒருவேளை மனம் மாறிவிடும் என்று நான் நினைத்தேன். மாமாவும் நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை, ஓட்டு போடுவதாகவே அறிவித்தார். ஆய்வகத்தின் ஓய்வறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி ரிமோட்டை எடுத்து, என்னைப் பார்க்காமல், சத்தத்தை முழுசாகக் குறைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். நான் காபி ஊற்றிக்கொண்டு, சர்க்கரை போட்டு, நிதானமாகக் கலக்கினேன்.

திரையில் அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கையை மேஜையில் வைத்திருந்தார். மற்ற கையைப் பின்னால் இடுப்பில் ஊன்றியிருந்தார். நிஜமாகவே முதுகு வலித்திருக்கலாம்.